படகு எஞ்சினும் பரிவலுவும்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தேயிலையும் றப்பரும் விளையும் சப்ரகமுவக் குன்றுகளிடையே பிறந்து வளர்ந்த நமக்கு ஓடம் என்பது நெடுங்காலம் பாடநூற் சொல்லாகவே இருந்தது. ஆயின், 2003 ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017 ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டத்தைச் சூழ்ந்த பெருவெள்ளங்கள் அந்நிலையை மாற்றின. களுகங்கை கரைபுரண்டு கடைவீதியில் ஓடிற்று. கடற்படையினரின் படகுகள் லொறிகளில் ஏறி மலைநாடு நோக்கி வந்தன. 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் கேரளத்தில் வெள்ளம் பெருகியபோதும், கடற்கரை மீனவர் தம் படகுகளை லொறிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று பல்லாயிரவரைக் கரைசேர்த்தனர். ஓடம் வண்டியில் ஏறும் நாள் வெறும் பழமொழியன்று என்பதை இவ்வாறு கண்ணாரக் கண்டோம்.

தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட ஆசிரியராகிய யாம் கல்லூரியின் இவ்விழா மலரிற் படகு எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பைத் தரலாம். இதற்குக் காரணம் உண்டு. எஞ்சின் ஒன்றின் வலுவைப் பெருக்க எண்ணி யாம் செய்த பிழை ஒன்றும், அதனாற் பெற்ற அறிவும், நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

வினா எழுந்த வகை

எமது தோட்டப்புறத்து இளைஞர் சிலர் தம்முட் பணம் சேர்த்துப் பதினெட்டடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு ஒன்றையும், பதினைந்து பரிவலுவுள்ள பழைய வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றையும் வாங்கினர். அவருட் பெரும்பாலோர் நம் கல்லூரியிற் பயின்றவர். ஆற்றோரத்து லயங்களுக்குள் வெள்ளம் புகும்போது, வெளியூர்ப் படகுகள் வந்துசேரும் வரை காத்திராது, முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுக்குக் கொண்டுசேர்ப்பதே அவர்தம் நோக்கம். அவர்கள் அமைத்த சங்கத்துக்கு எம்மையே தலைவராக வைத்திருந்தனர்.

ஒருநாள் மாலை அவருள் இருவர் எம்மிடம் வந்து, "சேர், இந்த எஞ்சினைக் கொஞ்சம் திருத்தினால் இருபது பரிவலு எடுக்கலாமாம். ஆறு பேர் ஏறினால் படகு முக்குகிறது. செய்யட்டுமா?" என்று வினவினர். இலக்கணத்தில் ஐயம் கேட்டிருந்தால் உடனே விடை கூறியிருப்போம். எஞ்சினைப் பற்றி யாம் அறிந்தது ஒன்றுமில்லை. ஆயினும், "நல்லது, செய்யுங்கள்" என்று கூறிச் செலவுச்சீட்டிற் கையொப்பமும் இட்டோம். அறியாத பொருளில் அவ்வளவு விரைவாகத் தலையசைத்ததே எமது பிழை. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம். முதலில், அன்று யாம் அறிந்திருக்க வேண்டியவற்றை முறையாக எடுத்துரைப்போம்.

பரிவலு என்பது யாது?

550 இறாத்தல் எடையை ஒரு செக்கனில் ஓரடி உயர்த்தும் ஆற்றல் ஒரு பரிவலு எனப்படும். இஃது ஏறத்தாழ 746 உவாற்றுக்குச் சமம். 550 இறாத்தல் என்பது சற்றொப்ப 250 கிலோகிராம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் நாளொன்றுக்குப் 18 கிலோகிராம் பறிப்பாரெனக் கொள்ளின், பதினான்கு பெண்கள் ஒருநாள் முழுதும் பறித்த கொழுந்தை ஒரு செக்கனில் ஓரடி தூக்கும் வலு அது. பதினைந்து பரிவலு எத்துணைப் பெரிது என்பது இதனாற் புலனாகும்.

எஞ்சினின் வலு இரண்டு கூறுகளின் பெருக்கம். ஒன்று, அச்சைத் திருகும் முறுக்கம். மற்றொன்று, அவ்வச்சு நிமிடத்துக்குச் சுழலும் சுற்றுக்களின் தொகை. முறுக்கம் மிகுந்தாலும் வலு மிகும். சுழற்சி மிகுந்தாலும் வலு மிகும். இரண்டில் எதனை மிகுவிக்க எண்ணினாலும் எஞ்சினுக்குள் அதிகக் காற்று செல்லவேண்டும். எஞ்சின் பெற்றோலால் ஓடுகின்றது என்று நாம் சொல்கின்றோம். உண்மையில், அது காற்றால் ஓடுகின்றது என்பதே பொருத்தமாகும். ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம். காற்றை அவ்வாறு ஊற்றுதல் இயலாது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பதினைந்து பரிவலு தரும் ஈரடிப்பு எஞ்சின் முழுவேகத்தில் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஆறு லீற்றர் பெற்றோலைக் குடிக்கும். அதனை எரிப்பதற்கு 50 கனமீற்றருக்கு மேற்பட்ட காற்று வேண்டும். லயத்திற் பத்தடிக்குப் பன்னிரண்டடியான அறை இரண்டை நிரப்பும் காற்று முழுவதையும் அவ்வெஞ்சின் ஒரு மணி நேரத்தில் விழுங்கிவிடுகின்றது. அவ்வாறு எரிந்த எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்களவே அச்சைச் சுழற்றப் பயன்படும். எஞ்சியது புகையோடும் குளிர்நீரோடும் வெப்பமாக வெளியேறும். இந்த வெப்பத்தை நினைவில் இருத்துதல் வேண்டும். எமது கதையில் வினை விளைத்தது இதுவே.

காற்றைப் பற்றி இன்னுமொன்று கூறவேண்டும். உயரம் மிகுந்தாற் காற்று மெலியும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறினால் அதன் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறையும். பலாங்கொடைப் பகுதியிலுள்ள சமனலவாவி நீர்த்தேக்கம் நிரம்பும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 460 மீற்றர். ஆகவே, நீர்கொழும்பிற் பதினைந்து பரிவலு காட்டும் எஞ்சின் அங்குச் சற்றே பதினான்குக்கு மேல் காட்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றில் இன்னும் சிறிது குறையும். இதனை எஞ்சினின் நோய் என மயங்கி மருந்து தேடுவார் உளர்.

வலுவைப் பெருக்கும் வழிகள்

1909 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஒலே எவின்றூட் என்பார் படகின் பின்பலகையில் மாட்டும் எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது தந்த வலு ஏறத்தாழ ஒன்றரைப் பரிவலுவே. அன்று தொட்டு இன்றுவரை, வாங்கிய எஞ்சினிலிருந்து வாங்கியதற்கு மேற்பட்ட வலுவைப் பெறும் ஆசை மாந்தரை விட்டகலவில்லை. அதற்குக் கையாளப்படும் வழிகள் பின்வருமாறு.

முதலாவது, அடைத்ததைத் திறத்தல். 9.9 பரிவலு எனவும் 15 பரிவலு எனவும் வெவ்வேறு விலைக்கு விற்கப்படும் எஞ்சின்கள் சிலவற்றின் உருளைக் கொள்ளளவு ஒன்றே. யமஹாவின் 246 கனசென்ரிமீற்றர் ஈரடிப்பு எஞ்சின் இதற்கு எடுத்துக்காட்டு. அமெரிக்காவிற் சில ஏரிகளிற் பத்துப் பரிவலுவுக்கு மேற்பட்ட எஞ்சின் ஓடலாகாது என்னும் விதி இருத்தலால், காற்று புகும் வாயைச் சுருக்கிச் சிறிய எண்ணை ஒட்டி விற்கின்றனர். சுருக்கத்தை நீக்கினாற் பெரிய எண் கிட்டும். ஆயின், நம் இளைஞரிடம் இருந்தது பதினைந்து பரிவலு எஞ்சின். திறக்கவேண்டிய வாய் தொழிற்சாலையிலேயே திறக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது, அமுக்கத்தை உயர்த்தல். உருளையின் தலையைச் சீவி மெலிதாக்கினால் எரிவாயு இன்னும் சிறிய இடத்தில் நெருக்கப்பட்டு வேகமாக எரியும். முறுக்கமும் மிகும். ஆனால், அமுக்கம் அளவு கடந்தால் எரிபொருள் தீப்பொறிக்குக் காத்திராது தானே வெடிக்கும். எஞ்சினுள் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை அப்போது எழும். நம் நாட்டில் விற்கப்படும் பெற்றோல் 92, 95 முதலிய தரத்தினது. இத்தரம் உயருந்தோறும் அவ்வகை வெடிப்பைத் தாங்கும் இயல்பும் உயரும். மண்ணெண்ணெய் இதில் மிகத் தாழ்ந்தது. அதனாலேயே மண்ணெண்ணெயில் ஓடுமாறு ஆக்கப்பட்ட எஞ்சின்களின் அமுக்கம் குறைவாக வைக்கப்படுகின்றது. அவ்வகை எஞ்சினின் தலையைச் சீவுவார் தம் தலையிலேயே கைவைப்பவர் ஆவர்.

மூன்றாவது, உருளைச் சுவரிலுள்ள வாயில்களை அராவி அகலமாக்கல். இதனால் அதிகச் சுழற்சியிற் காற்று தடையின்றிப் புகும். ஆயின், குறைந்த சுழற்சியில் வலு தேய்ந்துவிடும். பந்தயப் படகுக்கு அது பொருந்தும். பாரம் ஏற்றி மெல்லச் செல்லும் படகுக்கு அது கேடே. மேலும், 5000 சுற்றில் ஓடும் எஞ்சினை 6000 சுற்றுக்கு உயர்த்தின், ஆடுதண்டையும் அதன் இணைதண்டையும் இழுக்கும் விசை 1.2 மடங்காகாது 1.44 மடங்காகும். சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்ப அது வளர்வதே காரணம்.

நான்காவது, புகைக்குழாயை இசைவித்தல். ஈரடிப்பு எஞ்சினிற் புகை வெளியேறும் வழியாற் புதிய எரிவாயுவின் ஒரு பகுதியும் எரியாது தப்பிவிடும். கிழக்கு ஜேர்மனியின் எம்.இசற். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்ரர் காடன் என்னும் பொறியியலாளர் 1950 களில் இதற்கு ஒரு வழியைச் செம்மை செய்தார். புகைக்குழாயை நடுவில் விரிந்தும் முடிவிற் குவிந்தும் அமைத்தால், புகையின் அமுக்க அலை எதிரொலிபோலத் திரும்பி வந்து, தப்பியோடும் எரிவாயுவை மீண்டும் உருளைக்குள் தள்ளும். 1961 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் 125 கனசென்ரிமீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 25 பரிவலு தந்தது. நம் இளைஞரின் படகு எஞ்சினிலும் கொள்ளளவிற் சிறிதான ஒன்று இத்துணை வலு தந்தமை உலகை வியக்கவைத்தது. அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தின் ஓட்டவீரர் ஏர்ணஸ்ற் டெக்னர் சுவீடனில் நடந்த பந்தயத்தின்போது தப்பிச்சென்று, அறிந்த நுட்பங்களோடு சுசுகி நிறுவனத்தைச் சேர்ந்தார். மறு ஆண்டில் சுசுகி 50 கனசென்ரிமீற்றர் பிரிவில் உலகப் பட்டத்தை வென்றது. 1965 இற் படகு எஞ்சின் விற்பனையிலும் இறங்கியது.

இவ்வழியும் நமக்கு உதவாது. வெளியிணைப்பு எஞ்சினின் புகை அதன் கால்வழியே கீழிறங்கி நீருக்குள் வெளியேறுகின்றது. நீண்ட குழாய்க்கு அங்கு இடமில்லை. பந்தய எஞ்சின் சில மணி நேரம் ஓடி வென்றாற் போதும். ஓட்டம் முடிந்ததும் அதனைக் கழற்றிப் புதுப்பிக்க ஆட்கள் காத்திருப்பர். வெள்ளப் படகின் எஞ்சினோ ஆண்டு முழுதும் உறங்கி, அழைத்த நாளில் விழித்து, நிற்காமல் ஓடவேண்டியது. இக்காலத்து நாலடிப்பு எஞ்சின்களில் எரிபொருளையும் தீப்பொறியையும் சிறு கணினி ஒன்று ஆள்வதால், அவற்றில் உளியும் அரமும் கொண்டு வலு தேடுவது இன்னும் அரிது.

நடு ஆற்றில் நின்ற எஞ்சின்

இனி, எமது பிழைக்கு வருவோம். பட்டறை ஒன்றில் எஞ்சினின் தலை சீவப்பட்டது. திரும்பி வந்த எஞ்சின் உறுமிய உறுமலைக் கேட்டு இளைஞர் ஆரவாரித்தனர். யாமும் மகிழ்ந்தோம். மழை பெய்து ஆறு சற்றே பெருகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதனை ஓட்டத்துக்காக அறுவர் படகேறினர். யாம் கரையில் நின்றோம். படகு முன்னிலும் விரைவாகச் சென்றது உண்மை. கால் மணி நேரம் சென்றபின் உறுமல் கரகரத்தது. பின்னர் ஒரு சொடக்கு ஒலி. அதன்பின் ஆற்றின் ஓசையன்றி வேறொன்றும் கேட்கவில்லை. ஆடுதண்டு உருளையைப் பற்றி இறுகிவிட்டது. படகு பக்கவாட்டாகத் திரும்பிப் பாலத்தை நோக்கி இழுபட்டது. துடுப்பு இரண்டு உள்ளே கிடந்தமையாலும், கரையோரத்து மூங்கிற் புதர் ஒன்று கைக்கெட்டியமையாலும் அறுவரும் தப்பினர். வெள்ள நாளில் அவ்வாறு நேர்ந்து, படகில் லயத்துக் குழந்தைகள் இருந்திருப்பின் யாது நேர்ந்திருக்கும் என்பதை எண்ணி அன்றிரவு யாம் உறங்கவில்லை.

நீர்கொழும்பிற் படகு எஞ்சின் திருத்தும் தொழில் செய்யும் எம் பழைய மாணவர் ஒருவர் செய்தி அறிந்து வந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். வெளியிணைப்பு எஞ்சின் தான் மிதக்கும் நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்விக்கின்றது. அந்நீரை ஏற்றுவது உள்ளே சுழலும் சிறிய றப்பர்ச் சக்கரம். மழைக்கால ஆற்றில் மணலும் சேறும் மாணிக்கக் குழிகளைக் கழுவிய கலங்கலும் கலந்தோடும். அவை றப்பரை அரித்துவிட்டன; நீர்வழியிலும் சேறு படிந்திருந்தது. தலை சீவியதால் வெப்பம் மிகுந்தது. அதே வேளை குளிர்நீர் குறைந்தது. விரிந்த ஆடுதண்டுக்கு உருளையில் இடமில்லாது போயிற்று.

"சேர், தொழிற்சாலைக்காரன் கொஞ்ச வலுவை மிச்சம் வைத்திருப்பது கஞ்சத்தனத்தால் இல்லை. இப்படிப்பட்ட தண்ணீருக்காகத்தான்" என்றார் அவர். இருபது ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பின் கடைசி வாங்கிலிருந்து சன்னலுக்கு வெளியே நோக்கிக்கொண்டிருந்தவர் அவர். அன்று யாம் அவரிடம் மாணவராக இருந்தோம்.

இழந்த வலுவை மீட்டல்

"பதினைந்தை இருபதாக்குவது இருக்கட்டும். இந்தப் படகுக்குப் பதினைந்தாவது கிடைத்ததா?" என்பது அவர் எழுப்பிய முதல் வினா. சுழற்சிமானி ஒன்றைக் கொண்டுவந்து, எஞ்சினைப் பழைய அளவுக்கே மீளப் பொருத்திய பின், ஆறு பேரை ஏற்றி அளந்து காட்டினார். நிமிடத்துக்கு 5000 சுற்றிற் பதினைந்து பரிவலு தரவேண்டிய எஞ்சின் 4200 சுற்றுக்கு மேல் ஏற மறுத்தது. முறுக்கம் மாறாதெனக் கொள்ளின், கிடைத்த வலு 12.6 பரிவலுவே. விலை கொடுத்து வாங்கிய வலுவில் 2.4 பரிவலு எஞ்சினை விட்டு வெளியே வரவேயில்லை.

காரணம் விசிறி. படகை உந்தும் விசிறிக்கு விட்டம், புரியிடை என இரு அளவுகள் உண்டு. மரத்துட் செல்லும் திருகாணி ஒரு சுற்றில் எவ்வளவு உட்புகுமோ அதுபோல, விசிறி ஒரு சுற்றில் முன்செல்ல வேண்டிய தூரமே புரியிடை. எஞ்சின் 5000 சுற்றில் ஓட, பற்சக்கரங்கள் அதனைப் பாதியாகக் குறைக்க, விசிறி 2500 சுற்று சுழல்கின்றதெனக் கொள்வோம். புரியிடை பத்து அங்குலமாயின், நீர் வழுக்காதிருந்தாற் படகு மணிக்கு 38 கிலோமீற்றர் செல்லவேண்டும். ஓரிருவர் ஏறிய மீன்பிடிப் படகுக்கு அது தக்க விசிறி. ஆறு பேருடன் அமிழ்ந்து செல்லும் படகு அந்த வேகத்தைக் கனவிலும் எட்டாது, எஞ்சினும் திணறும். றக்குவானைக்கு அப்பால் புளுத்தோட்டை வளைவுகளிற் பாரமேற்றிய லொறியை மேல்கியரில் ஏற்ற முயலும் சாரதியை ஒத்தது அது. அவர் செய்யவேண்டியது எஞ்சினை மாற்றுவதன்று, கியரை மாற்றுவது. படகில் விசிறியே கியர்.

எட்டங்குலப் புரியிடையுள்ள விசிறி ஒன்று பொருத்தப்பட்டது. அதே ஆறு பேருடன் எஞ்சின் 4800 சுற்றைத் தொட்டது. அதாவது, 14.4 பரிவலு. உளியும் அரமும் தொடாமலே ஏறத்தாழ இரண்டு பரிவலு மீண்டது. ஆனால், ஓர் எச்சரிக்கை உண்டு. அதே விசிறியோடு ஒருவர் மட்டும் ஏறி முழுவேகம் கொடுத்தால் எஞ்சின் அளவு கடந்து சுழலும். ஆகவே, ஆளில்லாப் படகிற் கைப்பிடியை முழுதும் திருகலாகாது.

அடுத்தது எடை. நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்லும் படகின் வேகம், பரிவலுவை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையும் என்பது படகு அமைப்போர் கையாளும் விதி. ஆகவே, பதினைந்து பரிவலுவை முப்பதாக்கினாலும் வேகம் இருமடங்காகாது, 1.41 மடங்கே ஆகும். இவ்விதியை மறுபக்கமாகவும் நோக்கலாம். படகும் எஞ்சினும் எரிபொருளும் ஐவருமாக மொத்தம் 650 கிலோகிராம் என்க. படகின் அடியில் தேங்கிய நீர் 40 லீற்றரை இறைத்து, 65 கிலோகிராம் எடையுள்ள ஒருவரைக் கரையில் இறக்கினால் எஞ்சுவது 545 கிலோகிராம். வேகத்தைப் பொறுத்தவரை இது பதினைந்து பரிவலு எஞ்சினைப் பதினெட்டாக்கியதற்குச் சமம். மூன்று பரிவலுவை ஒரு வாளியும் ஒரு நல்ல முடிவும் தந்துவிடுகின்றன.

மூன்றாவது, எஞ்சினை மாட்டும் உயரம். விசிறிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தட்டு உண்டு. அது படகின் அடித்தளத்தோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்றல் வேண்டும். மிக உயர்ந்தால் விசிறி மேற்பரப்புக் காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். மிகத் தாழ்ந்தால் எஞ்சினின் கால் நீரை இழுத்துத் தடையாகும். மேலும், மாதக்கணக்கில் தாங்கியிற் கிடந்து கெட்ட பெற்றோல், கரிபிடித்த பிளக், நுனி மடங்கிய விசிறி ஆகிய ஒவ்வொன்றும் வலுவைச் சிறிது சிறிதாகத் திருடும்.

வெள்ளத்தில் வலுவின் எல்லை

எவ்வளவு வலுவிருந்தாலும் நீர் இசையாத இடமொன்று உண்டு. நீரின்மேல் எழாது, நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு அதன் நீளமே வேகத்தின் எல்லையை வகுக்கும். பதினெட்டடிப் படகுக்கு அவ்வெல்லை மணிக்கு ஏறத்தாழ 10.5 கிலோமீற்றர். பாரம் மிகுந்து அமிழ்ந்த படகுக்கு இருபது பரிவலு கொடுத்தாலும் பெரும்பாலும் அலையைப் பெரிதாக்குமேயன்றி வேகத்தை அதிகம் பெரிதாக்காது. ஆறு மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுமாயின், எதிர்த்துச் செல்லும் படகுக்கு எஞ்சுவது 2.5 கிலோமீற்றர். ஒரு கிலோமீற்றர் செல்ல 24 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் எஞ்சின் முழு வெப்பத்தில் உழைக்கும்.

ஆதலால் அறிந்த படகோட்டி ஆற்றை நேர்நின்று எதிர்ப்பதில்லை. படகின் முகத்தைச் சற்றே நீரோட்டத்துக்குச் சாய்த்து, ஓட்டமே தன்னைக் குறுக்கே தள்ளுமாறு விடுகின்றார். கரையோரத்தில், கட்டிடங்களின் பின்புறத்தில் நீர் மெலிந்து ஓடும் இடங்களைத் தேடிச் செல்கின்றார். பத்துப் பேரை ஒரே முறையில் ஏற்றாது, ஐவராக இருமுறை ஏற்றுகின்றார். இவ்வறிவுக்குப் பரிவலு எண்ணில்லை; ஆயினும், ஐந்து பரிவலு செய்யாததை இது செய்யும்.

எமது படகின் எஞ்சின் இன்று தொழிற்சாலை வகுத்த அளவிலேயே ஓடுகின்றது. குளிர்நீர் வெளிப்படும் சிறு துளையை ஓட்டுநர் அடிக்கடி நோக்குகின்றார். நீர்த்தாரை மெலிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துவதென்பது சங்கத்தின் கட்டளை. மாற்று றப்பர்ச் சக்கரம் ஒன்றும், பிளக் இரண்டும், துடுப்பு நான்கும், நீண்ட கயிறும் படகை விட்டு நீங்குவதில்லை. உயிர்காப்பு அங்கி அணியாதார் ஏறுவதில்லை. ஓட்டுநர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு அவர் மணிக்கட்டிற் கட்டப்பட்டிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை எஞ்சினை நீரில் ஓட்டிப் பார்க்கின்றோம்.

வலுவைப் பெருக்க விழைவார் முதலில் இருக்கும் வலு எங்கே ஒழுகுகின்றது என்று அளந்து பார்க்கவேண்டும் என்பதே யாம் கற்ற பாடம். அளவாமல் திருத்தியது எம்மை நடு ஆற்றில் நிறுத்திற்று. அளந்தபின் மாற்றிய ஒரு விசிறி எம்மைக் கரைசேர்த்தது.

கல்லூரியின் இவ்விழா ஆண்டிற் பழைய மாணவரிடம் யாம் வேண்டுவது ஒன்றுண்டு. கடற்கரையிலும் பட்டறைகளிலும் தோட்டத்து ஸ்டோர்களிலும் எஞ்சினோடு பழகி நிற்கும் நம்மவர் பலர். அவர்கள் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையேனும் கல்லூரிக்கு வந்து, சுழற்சிமானியை எவ்வாறு வாசிப்பது, விசிறியை எவ்வாறு தெரிவது, குளிர்நீர்ச் சக்கரத்தை எவ்வாறு மாற்றுவது என்பவற்றை மாணவர்க்குக் கையாற் செய்து காட்டுவாராக. யாமும் அன்று வருவோம். கடைசி வாங்கில் அமர்ந்து, இம்முறை கவனமாகக் கேட்போம்.